சகப் பணியாளருக்குத் தற்கொலை எண்ணம் வரும்போது: சமூகப் பணிக் குழுக்களுக்கான முழுமையான வழிகாட்டி

முன்பின் தெரியாத பயனாளியிடம் "செத்துடலாம்னு தோணுதா?" என்று கேட்கப் பழகியவர்கள் நாம். அதே கேள்வியைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்க நமக்கு வாய் வருவதில்லை. குழுத் தலைவராக இருந்த ஆண்டுகளிலும், புதிய மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஆண்டுகளிலும் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அக்கறைக்குக் குறைவில்லை, வரிசைதான் தவறிப்போகிறது. முதலில் லீவு கொடுக்கிறார்கள். அடுத்து ஃபைல்களை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கும் பிறகு ஒரு கவுன்சிலரின் எண்ணை எழுதிக் கொடுக்கிறார்கள். கேட்க வேண்டியதைக் கேட்காமலே எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது.

சரியான வரிசை என்று நான் கண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். மனநல மருத்துவர் செய்யும் வேலைக்கு இது மாற்று இல்லை. அவரிடம் போய்ச் சேரும்வரை ஒருவரைத் தனியாக விடாமல் இருப்பது எப்படி என்பதுதான் இதில் இருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால் மற்றதெல்லாம் பிறகு. அடுத்த பகுதியில் உள்ள எண்ணை இப்போதே அழையுங்கள். அல்லது நம்பும் ஒருவரிடம் "என்கூட கொஞ்ச நேரம் இரு" என்று சொல்லுங்கள்.

1. நெருக்கடி வருவதற்கு முன்பே தயார் செய்ய வேண்டியவை

நெருக்கடி நேரத்தில் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் ஊர் அவசர மருத்துவ எண், மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனையின் எண், தற்கொலைத் தடுப்பு உதவி எண் மூன்றையும் குழுவில் எல்லாரும் போனில் சேமித்து வைக்க வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, கனடாவிலும் அமெரிக்காவிலும் 988. ஒருமுறை நீங்களே அழைத்து, எந்த மொழியில் பேசுகிறார்கள், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள். நீங்கள் கொடுக்கும் எண் வேலை செய்யாமல் போனால், அவர் இன்னொரு எண்ணை அழைக்கப் போவதில்லை.

அடுத்தது, மதிப்பீடு செய்யாத ஒரு ஆள். சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுகிறவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். அதனால் வேறு குழுவின் மூத்த பணியாளர் ஒருவரையோ வெளியிலிருந்து வரும் ஆலோசகரையோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இரகசியத்தின் எல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் சொல்வோம், என்ன சொல்வோம், என்ன சொல்ல மாட்டோம் என்பதைக் குழு அமைதியாக இருக்கும் நாளிலேயே பேசி எழுதி வையுங்கள். அன்றைக்குப் புதிதாகச் சொன்னால் அது துரோகமாகத் தெரியும்.

2. களைப்பையும் காயத்தையும் பிரித்துப் பாருங்கள்

புதியவர்கள் முதலில் தடுக்குவது இங்கேதான். எல்லாவற்றுக்கும் "ஓவர் ஸ்ட்ரெஸ்" என்று ஒரே பெயர் வைத்து, ஒரே மருந்தாக லீவைக் கொடுக்கிறார்கள்.

பணிச்சோர்வு வேலையின் அளவிலிருந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு அதை நோயாகச் சொல்லவில்லை, வேலையோடு தொடர்புடைய நிலையாகத்தான் சொல்கிறது. தெம்பு வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்யும் வேலையில் பலன் இல்லை என்று தோன்றுவது என மூன்று அடையாளங்களைக் கொடுக்கிறது. இதற்கு ஓய்வும் வேலைக் குறைப்பும் உதவும்.

இரண்டாம் நிலை மனக்காயம் வேறு. அது கேட்ட கதையிலிருந்து வருகிறது. ஒரு குழந்தையின் வாக்குமூலத்தை எழுதியவருக்கு, தான் பார்க்காத அந்த அறை கனவில் வருகிறது. அந்தத் தெருப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறார். கதவு சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார். வேலையின் பேரில் கொடூரமான விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளாவதையும் மனக்காயத்துக்கான காரணங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு 2013இல் சேர்த்தது. ஆகவே "நேர்ல பாக்காததுக்கு என்ன இவ்வளவு?" என்று கேட்பது தவறு. பத்து நாள் லீவு கொடுத்து வீட்டில் தனியாக விட்டால் இந்தக் காயம் ஆறாது. யோசிக்க இன்னும் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். இதற்குச் சிகிச்சை வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. "அந்தப் பிள்ளையைத் திரும்ப அந்த வீட்டுக்கே அனுப்பினது நான்தானே" என்ற குற்றவுணர்வு. விதிப்படி சரியாகச் செய்திருப்பார். ஆனாலும் மனசாட்சி ஒப்பவில்லை. தற்கொலை எண்ணம் வரை போனதாக நான் கேட்ட பேச்சுகளில் களைப்பைவிட இந்தக் குற்றவுணர்வுதான் அதிகம் இருந்தது.

இதில் எதுவும் தனியாக ஒருவரைத் தற்கொலைக்குக் கொண்டுபோவதில்லை. வீட்டுப் பிரச்சினை, கடன், மனச்சோர்வு நோய், பழைய முயற்சி, தூக்கமின்மை என்று பல சேர்ந்துதான் அந்த இடத்துக்கு வருகிறது. "வேலைதான் காரணம்" என்றோ "வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றோ முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள்.

3. அவருடைய வழக்கத்திலிருந்து என்ன மாறியது என்று பாருங்கள்

பொதுவான அறிகுறிப் பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். எப்போதும் கலகலப்பாக இருப்பவர் அமைதியானால் கவனியுங்கள். எப்போதும் அமைதியாக இருப்பவர் திடீரென்று எல்லாருக்கும் பொருட்களைக் கொடுக்க ஆரம்பித்தாலும் கவனியுங்கள்.

நம் தொழிலுக்கே உரிய சில அடையாளங்கள் உண்டு. குறிப்பு எழுதுவதில் எப்போதும் பின்தங்குபவர் ஒரே வாரத்தில் எல்லா ஃபைல்களையும் முடித்து, யாரும் கேட்காமலே ஒப்படைப்புக் குறிப்பு எழுதி வைக்கிறார். பல நாள் வாடியிருந்தவர் ஒரு காலையில் நிம்மதியாக வருகிறார். "தேறிட்டார்" என்று நாம் மூச்சு விடும் நேரம் அது. உண்மையிலேயே தேறியிருக்கலாம், முடிவெடுத்துவிட்ட அமைதியாகவும் இருக்கலாம். கேட்காமல் தெரியாது.

பேச்சிலும் வரும். "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது", "தூங்கினா எந்திரிக்கவே கூடாது", "இனிமே உங்களுக்குத் தொல்லை இருக்காது". இதையெல்லாம் சலிப்புப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள்.

சில நாட்களைக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். பயனாளி ஒருவர் இறந்த நாளுக்குப் பிந்தைய வாரங்கள், அதுவும் தற்கொலையால் இறந்திருந்தால் இன்னும் கவனம். பணியாளர் மீது புகாரோ விசாரணையோ தொடங்கும் நாள். அவர் கேட்டு வரும் கதையும் அவர் வீட்டுக் கதையும் ஒன்றாகிப்போகும் காலம்.

4. பேசும் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

மூடிய கதவு, அணைத்த போன், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு வேறு வேலை இல்லாத நீங்கள். இவ்வளவு போதும். மாதாந்தர மேற்பார்வைச் சந்திப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் இதைக் கேட்காதீர்கள். கேஸ் எண்ணிக்கையைப் பேசிய அதே மூச்சில் கேட்டால் அதுவும் வேலைக் கணக்காகிவிடும். வாட்ஸ்அப்பில் கேட்கவும் வேண்டாம். "இல்லை" என்று தட்டச்சு செய்வது மிக எளிது. நேரில் முடியாவிட்டால் குரல் கேட்கும்படி போனில் பேசுங்கள், அவர் எங்கே இருக்கிறார் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. நேரடியாகக் கேளுங்கள்

முதலில் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். "ரெண்டு வாரமா நீங்க சாப்பிட எங்களோட வரதில்லை. அந்தக் கேஸுக்கு அப்புறம் தூங்கலைன்னு சொன்னீங்க. எனக்குக் கவலையா இருக்கு." குணத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லாமல், நீங்கள் பார்த்தது மட்டும். அப்போதுதான் அவர் தற்காப்புக்குப் போகமாட்டார்.

பிறகு கேள்வி: "இவ்வளவு வேதனைல இருக்கிறவங்களுக்குச் சில சமயம் தற்கொலை எண்ணம் வரும். உங்களுக்கு வருதா?"

தற்கொலை என்ற சொல்லை விழுங்காதீர்கள். பயிற்சியில் பத்தில் எட்டுப் பேர் இந்த இடத்தில் "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்பது கேள்வியிலேயே இருக்கிறது. "இல்லை" என்று சொல்லி நம்மைக் காப்பாற்றிவிட்டு அவர் போய்விடுவார். "தப்பு" என்ற சொல் வேறு சேர்ந்துகொண்டு, ஏற்கெனவே குற்றவுணர்வில் இருப்பவரை இன்னொரு குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறது.

கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. இதை ஆராய்ந்தவர்கள் கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடுவதாகக் காணவில்லை. ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதலைத்தான் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து நொடி மௌனம் மிக நீளமாகத் தெரியும். அதை நிரப்ப நாம் பேசும் வார்த்தைகள்தான் அவருக்குத் தப்பிக்கும் வழியாகின்றன.

"பிள்ளைங்க முகத்தை நெனச்சுப் பாருங்க" என்று சொல்லாதீர்கள். உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் முன்வைத்த விளக்கத்தில், "நான் மற்றவர்களுக்குப் பாரம்", "நான் யாரோடும் சேர்ந்தவன் இல்லை" என்ற இரண்டு உணர்வுகள் மையமாக இருக்கின்றன. தான் போனால் பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம் பிள்ளைகளைக் காட்டினால் அந்தப் பாரம்தான் கூடும். "நீங்களே இப்படி இருந்தா உங்க பயனாளிக்கு என்ன சொல்வீங்க?" என்பதும் அப்படித்தான். நம் தொழிலில் இருப்பவரை வாயடைக்க இதைவிடக் கொடிய வாக்கியம் கிடையாது.

பதிலாக என்ன சொல்லலாம்? "சொன்னதுக்கு நன்றி. இதைத் தனியா சுமந்துட்டு இருந்திருக்கீங்க. எப்போதிலிருந்து?" அவ்வளவே.

6. "ஆமாம்" என்று சொன்னால், ஆழத்தை அளவிடுங்கள்

இங்கே பதறி உடனே ஆம்புலன்ஸை அழைப்பவர்களும் உண்டு, "எல்லாம் சரியாகிடும்" என்று தட்டிக்கொடுத்து அனுப்புபவர்களும் உண்டு. இரண்டுக்கும் காரணம், அடுத்த கேள்வி தெரியாதது.

கொலம்பியா தற்கொலைத் தீவிர அளவுகோலின் சுருக்க வடிவம் ஆறு கேள்விகள் கொண்டது. சாதாரணப் பேச்சில் அதன் வரிசை இப்படிப் போகும். உயிரோடு இல்லாமலிருந்தால் நல்லது என்று தோன்றியதா? உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா? வந்ததென்றால், எப்படி என்று யோசித்தீர்களா? செய்துவிடலாம் என்ற நோக்கம் இருந்ததா? விவரமாகத் திட்டமிட்டீர்களா? கடைசியாக, முன்பு எப்போதாவது முயன்றதோ தயாரானதோ உண்டா, கடந்த மூன்று மாதங்களுக்குள்ளா? இரண்டாம் கேள்விக்கு "இல்லை" என்றாலும் கடைசிக் கேள்வியை விடக்கூடாது. பழைய முயற்சியைப் பற்றி அங்கேதான் தெரியவரும்.

வரிசை முக்கியம். எடுத்த எடுப்பில் "எப்படிச் செய்யப் போறீங்க?" என்று கேட்டால் விசாரணையாகிவிடும். மேலோட்டமான ஆசையிலிருந்து கீழே இறங்கும்போது அவரும் கூடவே இறங்கி வருவார்.

ஆனால் இந்தப் பதில்களை வைத்து "ஆபத்து குறைவு" என்று முத்திரை குத்தி ஃபைலை மூடாதீர்கள். தற்கொலை எண்ணம் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். நீங்கள் அளந்தது அந்த ஒரு மணி நேரத்தை மட்டும்.

7. நோக்கமோ திட்டமோ இருந்தால், இப்போதே

திட்டம் இருக்கிறது, நோக்கம் இருக்கிறது, அல்லது சமீபத்தில் முயன்றிருக்கிறார் என்றால் இந்த இடத்திலிருந்து எல்லாம் அவசரம். அவரைத் தனியாக விடாதீர்கள், கழிவறைக்குப் போனாலும் கதவருகே யாராவது இருக்கட்டும். வண்டி ஓட்ட விடாதீர்கள். மருத்துவமனைக்கு நீங்களே கூடப் போங்கள், அல்லது அவசர மருத்துவ உதவியை அழையுங்கள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்பார். வாக்குக் கொடுக்காதீர்கள். "உங்க உயிர் சம்பந்தப்பட்டதை என்னால மறைக்க முடியாது. ஆனா யார்கிட்ட சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு உங்களைக் கேட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லுங்கள். தனக்கும் இதில் ஒரு சொல் உண்டு என்று தெரிந்தால் எதிர்ப்பு இளகும். மேலதிகாரிக்கு "உடல்நிலை சரியில்லை, மருத்துவ உதவியில் இருக்கிறார்" என்பது வரை போதும்.

8. அவசரம் இல்லையென்றால் பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள்

"சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். "தற்கொலை செய்ய மாட்டேன்" என்று கையெழுத்து வாங்குவதும் அதே வகைதான். இவை தற்கொலையைத் தடுக்கின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. மறுபடி எண்ணம் வரும்போது, வாக்கை மீறியவராக உணர்ந்து நம்மிடம் வராமலே இருந்துவிடுவார் என்பதுதான் என் பயம். எதைச் செய்ய மாட்டேன் என்பதை விட்டுவிட்டு, எதைச் செய்வேன் என்று எழுத வையுங்கள்.

அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரௌனும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டத்தில் ஆறு படிகள். தன் எச்சரிக்கை அடையாளங்கள், தானே செய்து தாக்குப்பிடிக்கும் வழிகள், மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவரும் உதவி எண்ணும், கடைசியாகச் சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இந்தத் திட்டத்தையும் தொடர் தொலைபேசி அழைப்பையும் சேர்த்துக் கொடுத்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தைகள் ஏறக்குறைய 45 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் ஆட்களிடம் உள்ள சிக்கல், இந்தப் படிவத்தை அவர்கள் நூறு பேருக்கு நிரப்பியிருப்பார்கள். ஐந்தே நிமிடத்தில் பாடப்புத்தகப் பதில்களை எழுதித் தந்துவிடுவார்கள். "மூச்சுப் பயிற்சி" என்று எழுதினால், "கடைசியா எப்போ செஞ்சீங்க? உதவுச்சா?" என்று கேளுங்கள். "நண்பர்" என்று எழுதினால் பெயரும் எண்ணும் வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எடுப்பாரா என்பதும் தெரிய வேண்டும். அவர் வாயிலிருந்து வரும் சொற்களையே எழுதுங்கள், தொழில் மொழி வேண்டாம்.

ஆறாவது படியைப் பலர் கூச்சத்தில் தாண்டிவிடுகிறார்கள். உண்மையில் அதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். தீவிரமான உந்துதல் பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் உயிர் தப்பும். அவர் மனதில் எது இருந்ததோ, வீட்டில் சேர்ந்திருக்கும் மருந்தோ வேறு பொருளோ, அதை இன்றைக்கே யார் எடுத்து வைத்துக்கொள்வார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். எடுத்துவிட்டாரா என்று மாலையில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

9. ஒப்படையுங்கள், ஆனால் கை கழுவாதீர்கள்

எண்ணைக் கொடுத்து "போன் பண்ணுங்க" என்று அனுப்பினால் பெரும்பாலும் அழைப்பு போகாது. உங்கள் முன்னாலேயே அழைத்து நேரம் வாங்குங்கள். முதல் சந்திப்புக்குக் கூடப் போக ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

மறுநாள் அழையுங்கள். அந்த வாரம் இன்னொரு முறை. மருத்துவமனையில் சேர்ந்திருந்தால், வீடு திரும்பிய முதல் வாரமும் அதையொட்டிய மாதங்களும் ஆபத்து மிகுந்தவை. எல்லாரும் நிம்மதியாகிக் கலையும் நேரமும் அதுதான். "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்காமல், எண்ணம் திரும்ப வந்ததா என்று அதே நேர்ச் சொல்லில் கேளுங்கள்.

10. வேலைக்குத் திரும்பும்போது

எல்லா கேஸ்களையும் பறித்துவிட்டுப் பதிவேடு எழுத உட்கார வைப்பது நல்லெண்ணத்தில் நடக்கும் தண்டனை. "நான் பாரம்" என்ற நம்பிக்கைக்கு அலுவலகமே முத்திரை போட்டதாகிவிடும். எதை வைத்துக்கொள்ள விருப்பம், எதைப் பார்த்தால் உடம்பு நடுங்குகிறது என்று அவரையே கேளுங்கள். காயப்படுத்திய வகை கேஸ்களைச் சில மாதம் ஒதுக்கி, மற்றவற்றைப் படிப்படியாகக் கூட்டுங்கள். சிகிச்சை நேரத்துக்கு லீவு எழுதச் சொல்லாதீர்கள், அதை வேலை நேரமாகவே கணக்கில் வையுங்கள்.

கொடூரமான நிகழ்வுக்குப் பிறகு எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, நடந்ததை ஒவ்வொருவராக விவரிக்கச் சொல்லும் ஒரே அமர்வு டிப்ரீஃபிங் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. மனக்காய நோயை அது தடுப்பதில்லை, சிலருக்கு நிலையை மோசமாக்கவும் கூடும் என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. கட்டாயப்படுத்தாதீர்கள். அன்றைக்கு வீட்டில் விட ஆள், தண்ணீர், சாப்பாடு, பேச விரும்பினால் ஒரு காது. அடுத்த நாட்களில் தனித்தனியாக விசாரிப்பு. ஒரு மாதம் தாண்டியும் கனவும் திடுக்கிடலும் விடவில்லையென்றால் மருத்துவர்.

11. இழப்பு நடந்துவிட்டால்

எல்லாம் செய்தும் சில நேரம் நடந்துவிடும். அந்த நாளில் குழுவுக்குச் செய்தி ஒரே வாயிலிருந்து, நேரில், ஒரே நேரத்தில் போக வேண்டும். குடும்பத்தின் சம்மதத்தோடு "தற்கொலையால் இறந்தார்" என்று சொல்லுங்கள். எப்படி, எங்கே என்ற விவரம் வேண்டாம். "இது ஒன்றுதான் காரணம்" என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள், அது விரைவில் யாரோ ஒருவரின் பெயராக மாறிவிடும்.

அவரோடு கடைசியாகப் பேசியவர், அவர் அழைப்பை எடுக்கத் தவறியவர், ஏற்கெனவே தன்னிடம் இந்த எண்ணம் உள்ளவர். இவர்களை அன்று மாலைக்குள் தனித்தனியாகச் சந்தித்து, ஐந்தாம் பகுதியில் உள்ள கேள்வியைக் கேளுங்கள். அவருடைய பயனாளிகளை மறக்காதீர்கள். அவர்களில் சிலரை அவர்தான் இதே எண்ணத்திலிருந்து மீட்டிருப்பார். ஃபைல்களைப் பங்கு பிரிக்கும் முன் ஒவ்வொரு பயனாளியிடமும் யார் போய், என்ன சொல்வது என்று குடும்பத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலாமாண்டு நினைவு நாளையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். அந்த வாரம் யாருக்கும் கடினமான வீட்டுச் சந்திப்புகளை ஒதுக்க வேண்டாம்.